15 நிமிஷக் குழாய்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கும் சுண்ணாம்புக்குளத்துக்கு இறால் வாங்கப் போயிருந்தேன். (மனைவி உத்தரவு.) டீக்கடைப் பெரியவர் வெற்றிலை நீட்டினார். ஊர் பேருக்கு மரியாதை செய்கிறேன் பேர்வழி என்று சுண்ணாம்பைத் தாராளமாகத் தடவிப் போட்டேன். நாக்கு வெந்துவிட்டது. மறுநாள் ஆபீஸ் மீட்டிங்கில் நான் வாயே திறக்கவில்லை. மானேஜருக்கு ஏக சந்தோஷம்.

பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "இதுக்கே இப்டின்னா எப்டி சார்? எங்க பக்கத்து வூட்டுப் பொண்ணு, இறால் கம்பெனில அம்மோனியா அடிச்சு வந்துச்சு. கண்ணு ரெண்டும் ரத்தமா செவந்து போச்சு. கூட இருந்தவங்க எண்ணெய் தடவி ஆட்டோ புடிக்க ஓடியிருக்காங்க. தண்ணி ஊத்தணும்னு ஒருத்தருக்கும் தெரியல."

இறாலை உறைய வைக்கும் பெரிய குளிர்சாதனங்களில் ஓடுவது அம்மோனியா. மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்து வாயுவாகிவிடும் ஆசாமி. குழாய் கசிந்தால் ஈரமுள்ள இடமாகப் பார்த்துப் போய் உட்காரும். கண், மூக்கு, தொண்டை, வேர்த்த உடம்பு. அங்கே தண்ணீரோடு சேர்ந்து காரமாகும். மிளகாய்க் காரம் இல்லை சாமி, கெமிஸ்ட்ரி காரம்; சுண்ணாம்பின் ஜாதி. ஆசிட் பட்டால் சதை உறைந்து ஓரளவு தடுக்கும். காரம் சதையைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். கண்ணுக்கு ஆசிடைவிடப் பொல்லாதது.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே புதூர் பாண்டியாபுரத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து, சுமார் 30 பெண்கள் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அதில் உண்டு.

முதல் வைத்தியம் ரொம்ப சுலபம். வாயுவை விட்டு வெளியே ஓட வேண்டும். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடுகிற தண்ணீரில் குறைந்தது 15 நிமிஷம் கழுவ வேண்டும். கண் என்றால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு. எண்ணெய், பேஸ்ட், இங்க் எதுவும் கூடாது. அப்புறம்தான் ஆட்டோ.

ஆனால் பத்து ஆம்பளைகள் நிற்கிற இடத்தில் எந்தப் பெண் துணியைக் கழற்றுவாள்? அந்தத் தயக்கத்தில் போகிற ஒவ்வொரு நிமிஷமும் தோலுக்கு நஷ்டம். மெஷின் பக்கத்திலேயே ஒரு ஷவர், அதற்கொரு திரை, கண் கழுவ ஒரு குழாய். செலவு அவ்வளவுதான்.

இதைப் படிப்பவர்களில் யாராவது அப்படிப்பட்ட கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தால், அந்த பில் வந்ததும் 'டிஸ்கஸ்' என்று எழுதித் திருப்பி அனுப்பாதீர்கள். பாஸ் பண்ணுங்கள். அப்படியே போய்க் குழாயை ஒருமுறை திறந்தும் பாருங்கள். நம் ஊரில் குழாய் இருக்கும், தண்ணீர்தான் வராது.