சரஸ்வதி கடாட்சமா? சாதகமா?

நம் நாட்டில் ஒருவன் நன்றாகப் பாடினால் "அவன் நாவில் சரஸ்வதி நர்த்தனமாடுகிறாள்" என்கிறார்கள். ஒருவன் நன்றாகச் சித்திரம் எழுதினால் "பூர்வ ஜென்மப் புண்ணியம்" என்கிறார்கள். ஒருவன் மேடையேறி ஆயிரம் பேரைச் சிரிக்க வைத்தால் "அது ஆண்டவன் கொடுத்த வரம், நமக்கெல்லாம் வருமா?" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். பாராட்டு விழாவில் மாலை போடுகிறவரும் இதையே சொல்லுகிறார். மாலை வாங்கிக் கொள்ளுகிறவரும் அடக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டு இதையே சொல்லுகிறார். கூடியிருக்கும் ஜனங்களில் ஒருவராவது எழுந்து, "ஐயா, தங்களுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்? கற்றுக் கொள்ளுகிற காலத்தில் சோறு போட்டவர் யார்? எத்தனை வருஷம் உழைத்தீர்கள்?" என்று கேட்கிறாரா என்றால், கேட்பதில்லை.

இது வெறும் பேச்சு வழக்குத்தானே, இதைப் போய் ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று சில நண்பர்கள் நினைக்கலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. ஏனென்றால் இந்தப் பேச்சினால் லாபமடைகிறவர்களும் இருக்கிறார்கள், நஷ்டமடைகிறவர்களும் இருக்கிறார்கள். நஷ்டமடைகிறவர்கள் யாரென்றால், வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் மாடும் வண்டியும் எழுதுகிற குடியானவன் பிள்ளையும், களையெடுக்கும்போது பத்துப் பெண்களுக்கு முன்னால் குரலெடுத்துப் பாடுகிற கூலிக்காரப் பெண்ணுமேயாவார்கள். "வரம் இருந்தால் தானாக வரும், வராவிட்டால் கொடுப்பினை இல்லை" என்று பெற்றவர்களுக்குச் சொல்லி வைத்துவிட்டபடியால், அந்தப் பையனை வாத்தியாரிடம் கொண்டுபோய் விட வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்குத் தோன்றாமல் போய்விடுகிறது. அடித்துத் துரத்தினால்கூட மனிதன் திரும்பி வந்து கதவைத் தட்டுவான். கதவே இல்லை என்று நம்ப வைத்துவிட்டால் அவன் எங்கே போய்த் தட்டுவான்?

ஆகவே கலைஞர்கள் தங்கள் வழியை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதை, புராணத்தை வைத்துப் பாராமல், அவர்களுடைய வாழ்க்கையை வைத்தே பார்ப்போம்.

முதலாவதாக, தெய்வங்களுக்கு முகம் எழுதிக் கொடுத்த ராஜா ரவிவர்மாவை எடுத்துக் கொள்ளுவோம். இவர் 1848இல் கிளிமானூரில் அரச குடும்பத்தோடு சம்பந்தமுள்ள வீட்டில் பிறந்தவர். வீட்டில் சித்திரம் தெரிந்த மாமன் இருந்தார். திருவனந்தபுரம் அரண்மனை ஆதரவும் சிறு பிராயத்திலேயே கிடைத்தது. இவ்வளவும் இருந்தும், எண்ணெய்ச் சாயத்தில் சித்திரம் எழுதும் வித்தை இவருக்குச் சுலபமாகக் கிடைத்ததா? அந்த வித்தை தெரிந்த அரண்மனைச் சித்திரக்காரரான ராமசுவாமி நாயக்கர், போட்டிக்கு ஆள் வந்துவிடுமென்று சொல்லிக் கொடுக்க மறுத்துவிட்டார். அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை என்பவர்தான் குருவுக்குத் தெரியாமல் சாயம் கலக்கும் நுட்பங்களை ரவிவர்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறகு 1868இல் தியோடர் ஜென்சன் என்ற வெள்ளைக்காரச் சித்திரக்காரர் அரண்மனைக்கு வந்தார். அவரும் சொல்லிக் கொடுக்கவில்லை; பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள மாத்திரம் இடம் கொடுத்தார். ரவிவர்மா நின்று பார்த்துப் பார்த்தே கற்றுக் கொண்டார்.

இதிலே சரஸ்வதி எங்கே வந்தாள் என்று கேட்கிறோம். திருட்டுத்தனமாகச் சொல்லிக் கொடுத்த ஆறுமுகம் பிள்ளை வந்தார், சரி. வேடிக்கை பார்க்க விட்ட ஜென்சன் வந்தார், அதுவும் சரி. சரஸ்வதி எப்போது வந்தாளென்றால், ரவிவர்மா தேர்ந்து, கையில் தூரிகை பிடித்து அவளை எழுதிய பிறகுதான் வந்தாள்! 1894இல் அவர் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து அந்தப் படங்களை அடித்து விற்ற பிறகுதான் வீட்டுக்கு வீடு வந்தாள். நிலைமை இவ்வாறிருக்க, எழுதியவனுக்கு எழுதப்பட்டவள் வரம் கொடுத்தாள் என்றால், பானை குயவனைச் செய்தது என்பதுபோல் இல்லையா?

அரச குடும்பத்தோடு சம்பந்தமுள்ளவருக்கே வித்தை இப்படி மறைக்கப்பட்டதென்றால், அரண்மனை வாசலைக் கண்ணால் காணாதவன் பிள்ளையின் கதி என்ன என்பதை வாசகர்களே யோசித்துக் கொள்ளட்டும். அப்படிப்பட்டவனுக்கு வழி திறந்தது அரண்மனையல்ல, பள்ளிக்கூடம். 1850இல் ஹன்டர் என்ற டாக்டர் சென்னையில் கலைப் பள்ளிக்கூடம் ஒன்றை ஆரம்பித்தார். பின்னால் அது சர்க்கார் பள்ளியாகி, இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாக இருந்து வருகிறது. வித்தையை வீட்டுச் சொத்தாகப் பூட்டி வைத்திருந்த நாட்டில், சம்பளம் கட்டினால் சொல்லிக் கொடுக்கப்படும் என்ற நிலை வந்ததே ஒரு பெரிய புரட்சியென்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் 1898இல் பிறந்த கொண்டையராஜு. படித்து முடித்ததும் வேலை கிடைக்கவில்லை. திருவண்ணாமலையில் ஆசிரமவாசியாகக் கொஞ்ச காலம் இருந்தார். பிறகு நாடகக் கம்பெனியில் சேர்ந்து படுதா எழுதினார். அப்படி ஊர் ஊராய்ச் சுற்றி, 1940களில் கோவில்பட்டியில் தங்கிச் சித்திரக்கூடம் வைத்தார். அவரிடம் பழகிய டி. எஸ். சுப்பையா, ராமலிங்கம், அருணாசலம் முதலிய சீடர்களும் அவரும் எழுதிய தெய்வப் படங்கள்தான் சிவகாசியில் அச்சாகி, லட்சக்கணக்கில் காலண்டர்களாய்த் தமிழ்நாட்டுச் சுவர்களிலெல்லாம் தொங்கின. கொண்டையராஜு தெய்வ பக்தி உள்ளவர். அதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அவருடைய கையைத் தயார் செய்தது எது? பள்ளிக்கூடத்துப் பயிற்சியும், இருபதடிப் படுதாவில் அரண்மனையும் வனமும் எழுதி எழுதி வந்த பழக்கமும், காலண்டர் முதலாளி கேட்ட தேதிக்குள் முடித்துக் கொடுக்க வேண்டுமென்ற நிர்ப்பந்தமும் அல்லவா? பக்தி மாத்திரம் போதுமென்றால், காவடி எடுத்தவர்களெல்லாம் சித்திரக்காரர்களாய் ஆகியிருக்க வேண்டாமா?

சித்திரத்தை விட்டு நாடகத்துக்கு வருவோம். கொடுமுடியில் 1908இல் பிறந்த கே. பி. சுந்தராம்பாளின் குரலைத் "தெய்வீகக் குரல்" என்று சொல்லாதவர் கிடையாது. அந்தத் தெய்வீகக் குரல் தகப்பனை இழந்து, வறுமையிலே, ரயில் வண்டியில் பாடிக் காசு வாங்கிக் கொண்டிருந்தபோது தெய்வம் எங்கே போயிருந்தது? கேட்டவர்களில் ஒரு மனிதர் நாடகக் கம்பெனிக்கு வழி காட்டினார். கம்பெனி பாடமும் சோறும் கொடுத்தது. 1935இல் அவர் நந்தனார் வேஷம் போட்டுச் சினிமாவில் நடித்ததற்கு ஒரு லட்ச ரூபாய் வாங்கினார் என்பது நாடறிந்த சேதி. அந்த மனிதர் அன்றைக்கு வேறு வண்டியில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவரைப் போல் எத்தனை குரல்கள் ரயில் வண்டியோடேயே போய்விட்டன என்ற கணக்கு எந்தக் கோயில் புஸ்தகத்தில் எழுதியிருக்கிறது?

அதே 1908இல் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்தவர் என். எஸ். கிருஷ்ணன். படிப்புக்கு வீட்டில் வசதியில்லை. டென்னிஸ் மட்டைக்கு நரம்பு கட்டினார். நாடகக் கொட்டகையில் தின்பண்டம் விற்றார். விற்கப் போனவன் விற்றுவிட்டு வெளியே வராமல், உள்ளே நின்று நாடகம் பார்த்தான். அதுதான் அவருக்குச் சர்வகலாசாலை. பிறகு டி. கே. எஸ். சகோதரர்களின் கம்பெனியில் சேர்ந்து தேர்ந்தார். அந்தக் கிருஷ்ணன்தான் பின்னாளில் நந்தனாருக்குப் பதிலாகக் கிந்தனார் என்று ஒரு காலட்சேபம் கட்டினார். 1949இல் வந்த "நல்லதம்பி" படத்திலும் அது உண்டு. நந்தன் சிதம்பரம் போனான், நெருப்பில் இறங்கினான். கிந்தன் பட்டணம் போனான், படித்தான், கல்வி அதிகாரியாக ஊர் திரும்பினான். கலைக்கு வழி எது என்ற நம்முடைய கேள்விக்கும் இந்த இரண்டு கதைகளிலேயே பதில் இருக்கிறது. ஒரு கதையில் வழி தெய்வத்தின் தயவில் திறக்கிறது. திறந்த பிறகும் ஆள் மிஞ்சவில்லை. மற்றக் கதையில் வழி பள்ளிக்கூடத்தில் திறக்கிறது; ஆளும் மிஞ்சுகிறான், அவன் கிராமமும் மிஞ்சுகிறது.

இதற்குப் பிந்திய காலத்திலும் சங்கதி மாறவில்லை. துறையூர்ப் பக்கத்தில் கீராம்பூரில் 1938இல் பிறந்த ஆதிமூலம், சித்திரம் படிக்க வேண்டுமென்ற ஆசையோடு சென்னைக்கு வந்தபோது, சிற்பி தனபால் ஆதரவு கொடுத்துக் கலைப் பள்ளியில் சேர வழி செய்தார். ஆதிமூலம் 1966இல் படிப்பை முடித்தார். காந்தியாரின் நூற்றாண்டு வந்தபோது அவரைக் கோட்டுச் சித்திரங்களாக நூறு விதமாக எழுதிப் பேர் பெற்றார். நூறு தரம்! வரம் என்றால் ஒரு தரம் எழுதினால் போதாதா?

நிற்க, இந்த "வரம்" என்னும் பித்தலாட்டத்தின் மறுபக்கத்தையும் கவனிக்க வேண்டும். மேல்வீட்டுப் பிள்ளை மிருதங்கம் தட்டினால் அது பிறவி ஞானம். சேரிப் பிள்ளை பறை அடித்தால் அது பிறவித் தொழில்! இரண்டு பேரும் தோலைத்தான் தட்டுகிறார்கள். இரண்டிலும் கணக்கு உண்டு, காலப் பிரமாணம் உண்டு. ஒரு கையில் அடிக்குச்சியும் மறு கையில் சுண்டுக்குச்சியும் பிடித்து, தோலை நெருப்பில் காய்ச்சிச் சுருதி ஏற்றி, கால் ஒரு கணக்கும் கை ஒரு கணக்குமாய் ஆடிக்கொண்டே அடிக்கிறானே, அவன் விரலில் சரஸ்வதி இருப்பதாக எந்தப் பண்டிதராவது சொல்லக் கேட்டதுண்டா? பிறப்பு என்ற ஒரே வார்த்தை, ஒரு வீட்டில் பட்டுச் சால்வையாகவும் மறு வீட்டில் விலங்காகவும் இருக்கிறதென்றால், அது கலையைப் பற்றிய வார்த்தையா, ஜாதியைப் பற்றிய வார்த்தையா என்று கேட்கிறோம்.

மதுரைப் பக்கத்து வேலு ஆசான் என்ற பறைக் கலைஞருக்கு 2025இல் இந்திய சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. சந்தோஷம்தான். சாவு வீட்டு வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த கருவியை இன்று காலேஜ் பெண்கள் கூடக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கற்றுக் கொள்ளுகிறார்கள். இதெல்லாம் எந்தத் தெய்வமும் கண் திறந்ததனால் வந்ததல்ல. கூலிக்கு அடிக்க மாட்டோம், இழவுக்கு அடிக்க மாட்டோம், மேடையில் அடிப்போம் என்று மானமுள்ள மனிதர்கள் உறுதி கொண்டதனால் வந்தது.

இனி, நம்மை மடக்குவதாக நினைத்துக்கொண்டு கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "பள்ளிக்கூடம் போனவர்களெல்லாம் ரவிவர்மா ஆகிவிட்டார்களா? சிலருக்கு மாத்திரம் வருகிறதே, அது ஏன்?" என்பது. ஆளுக்கு ஆள் விருப்பமும் சுறுசுறுப்பும் வித்தியாசப்படுவதை நாம் மறுக்கவில்லை. விதைக்கு விதை வித்தியாசம் உண்டு. ஆனால் விதையைக் கல் மேல் போட்டுவிட்டு, "முளைக்கவில்லை பார், இதற்குக் கொடுப்பினை இல்லை" என்று சொல்லுகிறவனைக் குடியானவன் என்று யாராவது ஒப்புக்கொள்வார்களா? எல்லோருக்கும் நிலமும் தண்ணீரும் கொடுத்துப் பாருங்கள்; அதற்குப் பிறகு விதையைப் பற்றிப் பேசலாம்.

"கலைஞர்களே கடவுள் கிருபை என்று சொல்லுகிறார்களே" என்பது இன்னொரு ஆட்சேபணை. அவர்கள் தனியாகத் தங்கள் சீடர்களிடம் என்ன சொல்லுகிறார்கள் என்று கேளுங்கள். விடியற்காலம் நாலு மணிக்கு எழுந்திரு, ஒரே வரிசையை நூறு தரம் வாசி, உதடு வெடித்தாலும் சீவாளியைக் கீழே வைக்காதே என்பதுதான் நாயனக்காரர் வீட்டு உபதேசம். இந்த உழைப்புக்கு நம் சங்கீதக்காரர்கள் வைத்திருக்கும் பேர் என்ன தெரியுமா? "அசுர சாதகம்!" தேவர்களால் ஆகாது என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறபடியால்தான் வேலைக்கு அசுரனைக் கூப்பிடுகிறார்கள், மாலை போடுகிற நாளில் மாத்திரம் தேவியைக் கூப்பிடுகிறார்கள். உழைப்புக்கு அசுரன், பலனுக்குத் தேவி. புராண காலத்திலிருந்து இந்த வழக்கம் மாறவேயில்லை!

ஆதலால் தோழர்களே, பெற்றவர்களே! உங்கள் பிள்ளை சுவரில் கிறுக்கினால் கையில் அடிக்காதீர்கள். காகிதம் வாங்கிக் கொடுங்கள். நாக்கில் எழுத ஒருவரைத் தேடிக்கொண்டு கோயிலுக்குப் போவதைவிட, சொல்லிக் கொடுக்க ஒருவரைத் தேடிக்கொண்டு பள்ளிக்குப் போங்கள். நாயனம், தவில், வாய்ப்பாட்டு முதலியவைகளைச் சொல்லிக் கொடுக்க மாவட்ட அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. சித்திரத்துக்குச் சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. கல்லிலே தச்சு வேலை குலத்தொழிலாய் இருந்தது போக, 1957 முதல் மாமல்லபுரத்திலே சிற்பப் பள்ளி இருந்து வருகிறது. இவைகளெல்லாம் உங்கள் வரிப்பணத்தில் நடப்பவை. எவருடைய கிருபையிலும் நடப்பவை அல்ல. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சித்திர வகுப்பைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக் கொண்டு திருப்பிக் கொடுக்காமலிருந்தால், போய்க் கேளுங்கள். வாத்தியாரே இல்லையென்றால், இன்னும் உரக்கக் கேளுங்கள்.

கலைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த தடவை உங்களுக்கு மாலை விழும்போது, உங்களுடைய ஆறுமுகம் பிள்ளை யார், உங்களுக்குச் சோறு போட்டது எந்தக் கை, உங்களை உள்ளே விட்டது எந்தக் கதவு என்று பேர் சொல்லிப் பேசுங்கள். அந்த ஒரு பேச்சைக் கேட்டு, கூட்டத்தின் கடைசியில் நிற்கும் ஒரு பையன் "அப்படியானால் எனக்கும் வரும்" என்று நினைப்பான். அவன் அப்படி நினைப்பதுதான் உங்கள் கலைக்கு நீங்கள் செய்யும் கைம்மாறு. அதை விட்டுவிட்டு எல்லாப் புகழையும் ஆகாயத்துக்கு அனுப்பி வைப்பீர்களேயானால், உங்களுக்குத் திறந்த கதவை உங்கள் கையாலேயே மூடுகிறவர்கள் ஆவீர்கள் என்பதை வருத்தத்தோடு எச்சரிக்கிறோம்.