தோற்கத் தெரிய வேண்டும்

'விளையாட்டுப் பிள்ளை' என்று வீட்டில் என்னை ஏசுவார்கள். அந்த ஏச்சை நான் மறுக்கப் போவதில்லை. சென்ற ஆண்டு பதினொரு நாட்கள் ஒரே ஓர் எதிரியிடம் தோற்றுக்கொண்டே இருந்தேன். முதல் இரண்டு நாட்கள் எத்தனை முறை தோற்றேன் என்று எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதும் எண்ணுவதை விட்டுவிட்டேன். ஆனால் ஆடுவதை விடவில்லை. ஏன் விடவில்லை என்று சிந்தித்ததன் விளைவே இக்கட்டுரை.

அந்த வீடியோ விளையாட்டின் பெயர் 'செகிரோ'. ஜப்பானைச் சேர்ந்த ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்க, 2019 மார்ச் 22 அன்று வெளிவந்தது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. ஜப்பானியச் சிற்றரசர்கள் ஒருவரோடொருவர் பொருதுகொண்டிருந்த காலத்தின் இறுதியில், பதினாறாம் நூற்றாண்டின் முடிவில், அஷினா என்னும் கற்பனை நாட்டில் கதை நிகழ்கிறது. 'ஓநாய்' என்று அழைக்கப்படும் நிஞ்ஜா ஒருவன்தான் நாயகன். குரோ என்னும் தன் இளந்தலைவனைக் காப்பது அவன் கடமை.

கதை தொடங்கிய சிறிது நேரத்திலேயே கெனிச்சிரோ என்னும் வீரனிடம் நாயகன் தன் இடக்கையை இழக்கிறான். ஆடுபவர் கைதேர்ந்தவராக இருந்து அந்தச் சண்டையில் வென்றுவிட்டாலும், சூழ்ச்சியால் கை வெட்டப்பட்டே தீரும். தோல்வியில்தான் கதையே பிறக்கிறது. என்னைப் பதினொரு நாட்கள் அலைக்கழித்தவனும் அதே கெனிச்சிரோதான். அஷினாக் கோட்டையின் உச்சியில் மீண்டும் அவன் நமக்காகக் காத்திருக்கிறான்.

கடினம் என்பது இந்த நிறுவனத்துக்குப் புதிதன்று. 2009-இல் இவர்கள் 'டீமன்ஸ் சோல்ஸ்' விளையாட்டைச் செய்தபோது, சோனி நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவரே சற்று நேரம் ஆடிப் பார்த்துவிட்டு, மிக மோசம் என்று ஒதுக்கினார். அமெரிக்காவில் அதை வேறொரு நிறுவனம்தான் வெளியிட்டது. தாம் செய்தது தவறு என்று அவரே பின்னாளில் ஒப்புக்கொண்டார். அவ்வழியில் 2011-இல் வந்த 'டார்க் சோல்ஸ்' உலகப் புகழ் பெற்றது. செகிரோவோ 2019-ஆம் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்று 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் பரிசு பெற்றது. 2023-க்குள் ஒரு கோடிப் பிரதிகள் விற்றது. அடுத்தடுத்துத் தோற்கடிக்கும் ஒரு பொருளை ஒரு கோடிப் பேர் காசு கொடுத்து வாங்குவானேன்? அது பித்து என்று தள்ளிவிட என்னால் முடியவில்லை. நானும் அந்தக் கோடியில் ஒருவனன்றோ!

முதல் சில நாட்கள் நான் செய்தது மூன்றே செயல்கள்: ஓடிச் சென்று பாய்வேன், கண்மூடித்தனமாக வெட்டுவேன், சாவேன். திரையில் 'சாவு' என்று பொருள்படும் சிவந்த எழுத்து தோன்றும். கையிலிருந்த பணத்தில் பாதி போகும். மறுபடி எழுவேன், மறுபடி பாய்வேன். மாமா வீட்டுக் கணிப்பொறிக்கு முன்னால் இரவு இரண்டு மணி வரை உட்கார்ந்து இதையே செய்துவிட்டு, 'நான் எவ்வளவு விடாமுயற்சி உள்ளவன்' என்று பெருமையும் பட்டுக்கொண்டேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அது விடாமுயற்சி அன்று, வெறும் பிடிவாதம்.

செகிரோவில் எதிரியின் உயிரைக் குறைப்பது மட்டும் போதாது; அவன் நிலைகுலைய வேண்டும். அவன் வாள் நம்மேல் படும் அந்தக் கணத்திலேயே தடுக்கும் பொத்தானை அழுத்தினால், அவன் நிலை சிறிது சிறிதாகத் தளரும். முற்றிலும் தளர்ந்தபின் ஒரே வெட்டு. நாம் அஞ்சிப் பின்வாங்கி நின்றால் அவன் மீண்டும் நிலைபெற்றுவிடுவான். ஆகவே ஓடினாலும் தோல்வி, கண்மூடிப் பாய்ந்தாலும் தோல்வி. அருகிலேயே நின்று, அவன் கையைப் பார்த்து, வாளோசைக்குத் தாளம் போடுவதுபோல் பதில் சொல்ல வேண்டும்.

அவன் நேராகக் குத்த வரும்போது சிவப்பு எழுத்து ஒன்று மின்னி எச்சரிக்கும். உடம்பு சொல்வது 'பின்னால் போ' என்றுதான். நானும் போனேன், செத்தேன். செய்ய வேண்டியதோ நேர்மாறு. குத்தும் வாளை நோக்கி முன்னே ஓரடி வைத்தால், அந்த வாளை நாயகன் தன் காலால் மிதித்து அழுத்திவிடுவான். ஆபத்தை நோக்கி அடியெடுத்து வைக்க என் கட்டைவிரலுக்கு மூன்று நாட்கள் பிடித்தன.

அந்த மூன்று நாட்களும் கோட்டைக்கு நான் போகவேயில்லை. பாழடைந்த கோயில் ஒன்றின் வெளியே ஹன்பெய் என்றொரு மனிதன் இருக்கிறான். சாக முடியாதது அவனுக்கு வந்த சாபம். அவன் தன் உடம்பையே நமக்குப் பயிற்சிக்களமாகத் தருகிறான். எத்தனை முறை வெட்டினாலும் எழுந்து நின்று மீண்டும் அதே குத்தைக் குத்திக் காட்டுவான். நல்லாசிரியர் என்பவர் அவனைப் போன்றவர்தாம் என்று அன்று எனக்குத் தோன்றியது.

பதினோராம் நாள் கெனிச்சிரோ இறுதியில் மின்னலையே ஆயுதமாக எடுத்தான். மின்னல் வரும்போது துள்ளிக் குதித்து, அந்தரத்தில் அதை உடலில் வாங்கி, தரையைத் தொடுமுன் அவன்மீதே திருப்பி வீச வேண்டும். வீசினேன். அவன் வீழ்ந்தான். கைதட்ட யாரும் இல்லை. மாமா மகன் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆனால் என் கை நடுங்கிய நடுக்கம் நிற்க நெடுநேரம் ஆயிற்று.

நண்பர்களே, நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அதே பருவத்தில் எனக்கு இரண்டு அரியர் இருந்தன. அவற்றில் ஒன்று புள்ளியியல். பதினொரு நாட்கள் ஒருவனிடம் தோற்றும் சலிக்காத நான், ஒரே ஒரு முறை தோற்ற புள்ளியியல் புத்தகத்தை ஏழு மாதங்கள் தொடவில்லை. எனக்கு விடாமுயற்சி இல்லையா? இருந்தது. அப்படியானால் அது எங்கே போயிற்று?

என்னளவில் நான் கண்ட விடை இது: விளையாட்டில் தோற்ற அடுத்த நொடியே எதனால் தோற்றேன் என்று தெரிந்தது. குதிக்க வேண்டிய இடத்தில் நின்றேன், நிற்க வேண்டிய இடத்தில் ஓடினேன், அவ்வளவுதான். அடுத்த வாய்ப்பும் உடனே கிடைத்தது. யாரும் எள்ளி நகையாடவில்லை. தேர்விலோ, தோற்ற செய்தி எழுதியதே மறந்துபோன பின்னர் ஓர் எண்ணாக வருகிறது. எந்தக் கேள்வியில், எந்த அடியில் சறுக்கினேன் என்று அந்த எண் சொல்வதில்லை. கட்டணம் கட்டி விடைத்தாள் நகல் கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை. கேட்டால் என் தவற்றை நானே பார்க்க நேருமே என்ற வெட்கம்! குத்த வந்த வாளுக்குப் பின்வாங்கியவன் நான்தான்.

விடாமுயற்சி என்பது பிறவிக் குணம், சிலருக்கு உண்டு, சிலருக்கு இல்லை என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். நான் அதை ஏற்கவில்லை. தன் தோல்வியைத் தெளிவாகக் காணக்கூடிய எவருக்கும் விடாமுயற்சி வரும். காண முடியாதவருக்கு வருவது பிடிவாதம், இல்லையேல் சோர்வு. வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். அதற்கு முன்பே தெரிந்துசெயல்வகைக்கும் ஓர் அதிகாரம் வைத்துவிட்டார். முன்னதை மேடைதோறும் முழங்கும் நாம் பின்னதை மறந்துவிடுகிறோம்.

'விளையாட்டும் வாழ்வும் ஒன்றா? வாழ்வில் செத்தவன் எழுவானா?' என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. வாழ்வின் சில தோல்விகளுக்கு மறுவாய்ப்பு இல்லை. ஆனால் அரியர் அத்தகையதன்று. இன்னொரு கேள்வியும் உண்டு. செகிரோவில் எளிய நிலை என்று ஒன்று கிடையாது. அது வேண்டுமா, வேண்டாமா என்று 2019-இல் பெரும் வாக்குவாதம் நடந்தது. 'முடியாதவன் ஒதுங்கட்டும்' என்றனர் சிலர். நான் அவர்கள் பக்கம் இல்லை. 2018-இல் வந்த 'செலஸ்டி' என்ற விளையாட்டும் மிகக் கடினமானதே. எனினும் வேண்டுவோர் அதன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம், சாகாத நிலையையும் பெறலாம். அதனால் அதன் புகழ் குன்றிவிடவில்லை. விரல் ஒத்துழைக்காதவருக்கும் ஏறி வர ஒரு படி வைப்பதால் மலையின் உயரம் குறைவதில்லை.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். உள்தேர்வுத் தாள்களைத் திருப்பித் தரும்போது, மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் 'இங்கே சறுக்கினாய்' என்று ஒரே ஒரு வரி எழுதித் தாருங்கள். உங்கள் பணிச்சுமையை அறிந்தே கேட்கிறேன். மாணவ நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அந்தத் தாளைச் சுருட்டிப் பைக்குள் திணிக்காமல் விரித்துப் பாருங்கள். கசக்கும், ஆனாலும் பாருங்கள்.

கோட்டை உச்சியில் வென்ற மறுவாரம், புள்ளியியல் ஆசிரியரின் அறை வாசலில் போய் நின்றேன். பழைய வினாத்தாளை அவர்முன் விரித்து, "எனக்கு இந்த இடத்திலிருந்தே புரியவில்லை ஐயா" என்றேன். அந்த ஓரடியை முன்னே எடுத்து வைப்பது கெனிச்சிரோவின் வாளை மிதித்ததைவிடக் கடினமாக இருந்தது. அவர் திட்டவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

தேர்வு எழுதிவிட்டேன். இதை எழுதும் இந்நாள் வரை முடிவு வரவில்லை. வென்றாலும் தோற்றாலும், இந்த முறை விடைத்தாள் நகலை வாங்கிப் பார்ப்பதென்று முடிவு செய்திருக்கிறேன்.