சம்பளத்தில் கை வைக்க வந்தால்...



விடியற்காலையில் விரிஞ்சிபுரம் பஸ் ஸ்டாப்பில் ஷூ கம்பெனி வண்டிக்கு நிற்பவர்களில் கடன் இல்லாதவர் எத்தனை பேர் இருப்பார்கள்? மகள் கல்யாணத்துக்கோ, மாமியார் ஆபரேஷனுக்கோ எழுதிக் கொடுத்த புரோநோட் யாருடைய பீரோவிலாவது இருக்கும். அது இல்லாவிட்டால், கூட வேலை செய்பவருக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து இருக்கும்.

வருஷக்கணக்கில் மறந்திருந்த அந்தக் கடன், ஒருநாள் கம்பெனி ஆபீஸுக்கே வந்து நிற்கும். "உங்க சம்பளத்தைப் பிடிக்கச் சொல்லி கோர்ட் ஆர்டர் வந்திருக்கு" என்பார்கள். வாடகை, மளிகை, சீட்டுப் பணம்... இனி எதைக் கொண்டு சமாளிப்பது?

பதறுவதற்கு முன் ஒரு விஷயம். கடனுக்காகத் தொழிலாளியின் கூலியை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது 1908-ம் ஆண்டு சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. வேலை தெரிந்த தொழிலாளி, தெரியாத தொழிலாளி என்ற பாகுபாடே அதில் இல்லை. வீட்டு வேலை செய்பவர்களின் கூலிக்கும் இதே பாதுகாப்பு உண்டு.

ஆபீஸ் வேலையில் மாதச் சம்பளம் வாங்குபவரா? முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. சம்பளம் 16,000 என்றால் 5,000 வரைதான் பிடிக்கலாம். அதுவும் ஒரே தீர்ப்புக்கு மொத்தம் 24 மாதங்கள்தான். ஜீவனாம்ச பாக்கிக்கு மட்டும் கணக்கு வேறு. பி.எஃப்., கிராஜுவிட்டி, சமையல் பாத்திரம், பாய் படுக்கை, தாலி இவற்றிலும் கை வைக்க முடியாது.

இத்தனை பாதுகாப்பு இருந்தும் சம்பளம் ஏன் பிடிபடுகிறது? கோர்ட்டில் போய் இதைச் சொல்ல ஆளில்லை, அதனால்தான். சம்மன் வந்தால் "அவர் ஊரில் இல்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். தீர்ப்பு ஒருதலைப்பட்சமாக வந்துவிடுகிறது. வந்த தீர்ப்பை 12 வருஷம் வரை நிறைவேற்றலாம்.

புரோநோட்டுக்குப் பொதுவாக 3 வருஷத்துக்குள் கேஸ் போட்டாக வேண்டும். ஆனால் அந்தக் கெடுவுக்குள் கொஞ்சம் வட்டி கட்டி, நோட்டின் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால், அன்றிலிருந்து மறுபடி 3 வருஷம். கையெழுத்துப் போடும்போது நம்மில் எத்தனை பேர் தேதியைப் பார்க்கிறோம்?

சம்மனே கைக்கு வராமல் தீர்ப்பாகியிருந்தால், தெரிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை ரத்து செய்யக் கேட்கலாம். வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள். போனில் கேட்க 15100.

வாங்கிய கடனைத் திருப்பித் தரத்தான் வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. கடன் கொடுத்தவருக்கும் வீடு, பிள்ளைகள் உண்டு. ஆனால் எப்படித் தருவது என்று பேச நமக்கும் உரிமை இருக்கிறது. வழக்கு நடக்கும்போதே நிலைமையைச் சொல்லித் தவணை கேட்டால், கோர்ட் பரிசீலிக்கும்.

இந்தப் பக்கத்தைப் படித்ததும் வீட்டில் ஒரு வேலை செய்யுங்கள். யார் யாருக்கு எப்போது கையெழுத்துப் போட்டோம் என்று கணவனும் மனைவியும் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அடுத்து ஏதாவது சம்மன் வந்தால், மறைக்காமல் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். வாய்தா தேதியில் நேரில் போய் நில்லுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்