முதல் இடத்தில் இருந்து 24-ம் இடத்துக்கு!
பீட்டில்ஸ் இசைத்தட்டு பற்றி ரசிகர்களின் ஓயாத சண்டை

உலகத்திலேயே சிறந்த இசைத்தட்டு எது?

அமெரிக்காவின் "ரோலிங் ஸ்டோன்" பத்திரிகை 2003-ம் ஆண்டில் இந்தக் கேள்வியைக் கேட்டது. பாடகர்களிடமும் விமர்சகர்களிடமும் ஓட்டு வாங்கி, 500 தட்டுகளை வரிசைப்படுத்தி வெளியிட்டது. பீட்டில்ஸ் கோஷ்டியாரின் "சார்ஜென்ட் பெப்பர்" என்ற தட்டு முதல் இடம் பெற்றது. 2012-ம் ஆண்டுப் பட்டியலிலும் அதற்கே முதல் இடம்.

2020-ம் ஆண்டில் அதே பத்திரிகை மறுபடியும் ஓட்டு எடுத்தது. "சார்ஜென்ட் பெப்பர்" 24-ம் இடத்துக்கு இறங்கிவிட்டது!

தட்டில் இருப்பது அதே பாட்டுகள்தான். அப்படி இருக்க, இடம் ஏன் மாறியது? பழைய ரசிகர்கள் இதை அநியாயம் என்கிறார்கள். வேறு சிலர், இப்போதுதான் நியாயம் கிடைத்தது என்கிறார்கள். இதில் யார் பக்கம் உண்மை?

ஐந்து மாத உழைப்பு

பீட்டில்ஸ் என்பவர்கள் இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தைச் சேர்ந்த நான்கு இளைஞர்கள். ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் என்பது அவர்கள் பெயர்.

அவர்கள் மேடை ஏறினால் ரசிகர்களின் கூச்சல் காதைப் பிளக்கும். பாடுகிறவர்களுக்கே தங்கள் பாட்டு கேட்காது! 1966 ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோ நகரில் பாடியதோடு ஊர் ஊராகச் சென்று பாடுவதை நிறுத்திவிட்டார்கள். லண்டனில் உள்ள ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் புகுந்தார்கள்.

1963-ல் வந்த தங்கள் முதல் நீண்ட தட்டில் 10 பாட்டுகளை ஒரே நாளில் பாடி முடித்தவர்கள் அவர்கள். இந்தத் தட்டுக்கோ, 1966 நவம்பர் முதல் 1967 ஏப்ரல் வரை ஏறத்தாழ ஐந்து மாதம் பிடித்தது.

அந்தக் காலத்து இயந்திரத்தில், ஒரு நாடாவில் நான்கு ஒலிகளைத்தான் தனித்தனியே பதியலாம். நான்கும் நிரம்பியதும் அவற்றை ஒன்றாகச் சேர்த்து வேறு நாடாவுக்கு மாற்றுவார்கள். காலியான இடத்தில் புதிய ஒலிகளைச் சேர்ப்பார்கள். ஒரு பாட்டுக்கு 40 வாத்தியக்காரர்களை அழைத்து வாசிக்கச் சொன்னார்கள். இந்த வேலைகளை எல்லாம் முன்னின்று நடத்தியவர் ஜார்ஜ் மார்ட்டின்.

காந்தி படம் போனது!

இந்தத் தட்டுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு.

ஹாரிசன் 1966-ல் பம்பாய் வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்றவர். இந்தத் தட்டில் அவர் இயற்றிய பாட்டில் தில்ருபா, தபலா, சிதார் எல்லாம் ஒலிக்கின்றன. மற்ற மூவரும் அதில் வாசிக்கவில்லை. லண்டனில் வசித்த இந்தியக் கலைஞர்கள் வாசித்தார்கள்.

தட்டின் உறையில் புகழ் பெற்ற பலருடைய படங்கள் கூட்டமாக இருக்கும். அதில் மகாத்மா காந்தியின் படமும் இருந்தது. இந்திய மக்கள் மனம் புண்படும், வியாபாரம் கெடும் என்று இசைத்தட்டுக் கம்பெனியார் பயந்தார்கள். காந்தி படத்தை எடுத்துவிட்டார்கள்! பரமஹம்ச யோகானந்தரின் படம் தப்பியது.

புகழும் கண்டனமும்

1967 மே மாதக் கடைசியில் தட்டு வெளிவந்தது. இங்கிலாந்தில் மொத்தம் 27 வாரமும், அமெரிக்காவில் 15 வாரமும் விற்பனையில் முதல் இடத்தில் இருந்தது. 1968-ல் அந்த ஆண்டின் சிறந்த இசைத்தட்டுக்கான கிராமி பரிசு அதற்குக் கிடைத்தது. ராக் இசைத்தட்டு ஒன்று அந்தப் பரிசைப் பெற்றது அதுவே முதல் தடவை.

ஆனால் தொடக்கத்திலேயே எதிர்ப்பும் இருந்தது. "நியூயார்க் டைம்ஸ்" பத்திரிகையில் ரிச்சர்ட் கோல்ட்ஸ்டீன் என்ற இளம் விமர்சகர், வெளி அலங்காரம் மிஞ்சிவிட்டது, உள்ளே சரக்கு குறைவு என்ற பொருள்பட எழுதினார். உடனே ரசிகர்களின் கண்டனக் கடிதங்கள் குவிந்தன!

அந்தச் சண்டை இன்றும் நடக்கிறது. ஒரு கற்பனைக் கோஷ்டி மேடை ஏறிப் பாடுவது போலத் தட்டு தொடங்குகிறது. ஆகவே இது முழுவதும் ஒரே கதை என்கிறார்கள் ஒரு சாரார். இரண்டாவது பாட்டோடு கதை தீர்ந்துவிட்டது என்கிறார்கள் மறு சாரார். நாங்கள் ஒரே கதை என்று சொன்னோம், அதனால் அப்படித் தோன்றியது என்ற கருத்தில் லென்னனே பிற்காலத்தில் பேசியிருக்கிறார்!

ஹாரிசனின் இந்தியப் பாட்டு வரும்போது முள்ளைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்கிறவர்கள் உண்டு. அதுதான் தட்டின் உயிர் என்கிறவர்களும் உண்டு.

ஓட்டுப் போட்டது யார்?

2020-ல் இடம் இறங்கியதற்குக் காரணங்கள் உள்ளன.

முதல் காரணம், ஓட்டுப் போட்டவர்கள் மாறிவிட்டார்கள். டெய்லர் ஸ்விப்ட், பில்லி ஐலிஷ் போன்ற இளம் பாடகிகளும் இந்தத் தடவை ஓட்டுப் போட்டார்கள். 2003-ல் 6-ம் இடத்தில் இருந்த மார்வின் கே என்ற கறுப்பினப் பாடகரின் 1971-ம் ஆண்டுத் தட்டு முதல் இடத்துக்கு வந்தது. வியட்நாம் போரையும் ஏழைகளின் துன்பத்தையும் பாடிய தட்டு அது. ஜோனி மிட்செல் என்ற பாடகியின் தட்டு 30-ல் இருந்து 3-ம் இடத்துக்கு வந்தது. லாரின் ஹில் என்ற பாடகியின் தட்டு 312-ல் இருந்து 10-ம் இடத்துக்குத் தாவியது! முன்பு அதிகம் கேட்கப்படாத குரல்களுக்கு இப்போது மதிப்புக் கிடைத்திருக்கிறது. இதை அநியாயம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது காரணம், பீட்டில்ஸ் ரசிகர்களே பிரிந்து நிற்கிறார்கள். அதே பட்டியலில் அவர்களின் "அபே ரோடு" 5-ம் இடத்திலும், "ரிவால்வர்" 11-ம் இடத்திலும் இருக்கின்றன. ஆகவே பீட்டில்ஸ் புகழ் மங்கிவிட்டது என்று சொல்ல முடியாது.

மூன்றாவது காரணம்தான் முக்கியமானது. 1967-ல் இந்தத் தட்டைக் கேட்டவர்கள், இப்படியும் ஒரு தட்டு செய்யலாமா என்று வியந்தார்கள். அதைப் பார்த்து மற்றவர்களும் செய்யக் கற்றுக்கொண்டார்கள். இன்று சின்னப் பையன்கூட வீட்டில் உட்கார்ந்து நூறு ஒலிகளைச் சேர்க்கிறான். அவன் காதுக்கு அந்தப் பழைய வியப்பு எட்டுவதில்லை. வழி காட்டியவர்களுக்கு நேரும் கதி இது. எல்லோரும் நடக்கத் தொடங்கிய பிறகு, பாதை போட்டவர் யார் என்று யாரும் கேட்பதில்லை!

பழைய ரசிகர்களுக்குக் கோபம் வருவதும் இதனால்தான். அவர்களுக்கு அது வெறும் தட்டு அல்ல, அவர்களின் இளமை. அதற்கு 24-ம் இடம் என்றால் நெஞ்சு வலிக்கத்தான் செய்யும்.

எனினும் அவர்கள் வருந்த வேண்டியது இல்லை. 50-ம் ஆண்டு நிறைவை ஒட்டி, ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் 2017-ல் இந்தத் தட்டின் ஒலியைச் சீராக்கி வெளியிட்டார். இங்கிலாந்தில் மறுபடியும் விற்பனையில் முதல் இடம் கிடைத்தது!

ஓட்டுப் போட ஆள் மாறினால் பட்டியலும் மாறும். நாளை மறுபடியும் மாறலாம். எந்த இடம் என்று கேட்பதை விட, இன்னும் கேட்கிறார்களா என்று பார்ப்பதே ஒரு பாட்டுக்குச் சரியான சோதனை. அந்தச் சோதனையில் "சார்ஜென்ட் பெப்பர்" தேறிவிட்டது.