காலி இடத்துக்கும் ஒரு விலை உண்டு

புதிய கணினி ஒன்று சந்தைக்கு வந்தால் அதன் வேகம், திரையின் தெளிவு, பேட்டரி தாங்கும் நேரம் ஆகியவற்றைத்தான் எல்லோரும் முதலில் பார்க்கிறோம். கணினி ஆர்வலன் என்ற முறையில் நானும் அப்படியே. ஆனால், பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் சில ஆண்டுகளாக இன்னொன்றையும் தேடுகிறேன். பின்னொரு நாளில் ரேம் எனப்படும் நினைவகத்தைக் கூட்டிக்கொள்ள உள்ளே ஒரு காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதே அது. புதிய மடிக்கணினிகள் பலவற்றில் அந்த இடம் இப்போது இல்லை. நினைவகத்தின் விலை ஏறியிருக்கும் இந்தக் காலத்தில், அதனால் நுகர்வோருக்கும் அரசுக்கும் நேரும் இழப்பைக் கணக்கிட்டுப் பார்ப்பது அவசியம்.

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடலாம். 2024 அக்டோபரில் ஆப்பிள் வெளியிட்ட எம்4 மேக் மினி, ஐந்து அங்குலச் சதுரப் பெட்டிக்குள் அடங்கிய முழுமையான மேசைக் கணினி. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த இன்டெலின் கோர் அல்ட்ரா 200வி வரிசை, மடிக்கணினியின் பேட்டரி நேரத்தைக் கணிசமாக நீட்டித்தது. 2025 தொடக்கத்தில் ஏஎம்டி அறிமுகப்படுத்திய ரைசன் ஏஐ மேக்ஸ் சில்லுகள், 128 ஜிபி வரையிலான நினைவகத்தை மையச் செயலகமும் வரைகலைப் பகுதியும் பகிர்ந்துகொள்ள வழிசெய்தன. பெரிய மொழி மாதிரிகளை வீட்டு மேசையிலேயே இயக்கிப் பார்க்க அது உதவுகிறது. பொறியியல் நோக்கில் இவை மூன்றும் உண்மையான முன்னேற்றங்கள்.

இவை மூன்றுக்கும் பொதுவான ஒரு பண்பும் உண்டு. வாங்கும் நாளில் எவ்வளவு நினைவகம் இருக்கிறதோ, கணினியின் ஆயுள் முழுவதும் அவ்வளவுதான். நினைவகம் சில்லுடன் சேர்த்தோ, தாய்ப்பலகையில் பற்றவைக்கப்பட்டோ வருகிறது. பழுதுபார்க்க எளிதான மடிக்கணினிகளுக்குப் பெயர்பெற்ற அமெரிக்க நிறுவனமான ஃபிரேம்வொர்க்கும், 2025 பிப்ரவரியில் அறிவித்த தனது முதல் மேசைக் கணினியில் நினைவகத்தைப் பற்றவைத்தே தந்தது. பாகங்களை மாற்றிக்கொள்ள எப்போதும் இடம்தந்துவந்த மேசைக் கணினியிலும் இந்த நிலை வந்திருக்கிறது.

இதற்குத் தொழில்நுட்பக் காரணங்கள் இல்லாமல் இல்லை. செயலகத்துக்கும் நினைவகத்துக்கும் இடைப்பட்ட தூரம் குறையும்போது தரவு வேகமாகச் செல்கிறது, மின்சாரம் மிச்சமாகிறது, கணினியும் மெலிகிறது. ஆனால், வேறு வழியே இல்லை என்பதும் சரியல்ல. கழற்றி மாட்டக்கூடிய எல்பிகேம்2 என்ற புதிய வகை நினைவகத்துடன் லெனோவாவின் திங்க்பேட் பி1 மடிக்கணினி 2024-லேயே வெளிவந்தது. நினைவகத்தைச் சில்லுடன் இணைத்துத் தரும் முறையை அடுத்த தலைமுறைகளில் தொடரப்போவதில்லை என்று இன்டெலும் அதே ஆண்டு அறிவித்தது. ஆக, இது முழுக்க இயற்பியல் விதித்த கட்டாயம் அன்று. வணிகத் தேர்வும் இதில் கலந்திருக்கிறது.

காலி ஸ்லாட்டின் மதிப்பு என்ன? எதிர்காலம் நிச்சயமற்றதாக இருக்கும்போது, முடிவைத் தள்ளிப்போடும் உரிமைக்கே ஒரு விலை உண்டு என்கிறது பொருளியல். இன்று 8 ஜிபி போதும். மூன்றாண்டுகள் கழித்துத் தேவைப்பட்டால் கூட்டிக்கொள்ளலாம் என்பது அத்தகைய உரிமை. தேவை எழாவிட்டால் செலவு இல்லை. எழுந்தாலும், விலை குறையும்வரை காத்திருக்கலாம். பல கடைகளில் விசாரித்து வாங்கலாம். ஸ்லாட் இல்லாத கணினியில் இந்த உரிமை பறிபோகிறது. நாளை தேவைப்படுமோ என்ற ஐயத்துக்கும் சேர்த்து இன்றே, ஒரே விற்பனையாளரிடம், அவர் சொல்லும் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்த விலைக்கு மேக் மினியே சான்று. இந்தியாவில் 16 ஜிபி நினைவகத்துடன் அதன் அறிமுக விலை ரூ.59,900. நினைவகத்தை 24 ஜிபியாக உயர்த்த ரூ.20,000 கூடுதல். அதாவது, 8 ஜிபி கூடுதலுக்கு முழுக் கணினியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு! போட்டி இருக்கும் சந்தையில் நினைவகத்துக்கு ஒரு விலை; போட்டியை அடைத்துவிட்ட பெட்டிக்குள் வேறொரு விலை.

நீடித்து உழைக்கும் பொருள்களை விற்பவருக்கு உள்ள சிக்கலை ரொனால்ட் கோஸ் 1972-இல் ஒரு சிறு கட்டுரையில் விளக்கினார். நேற்று தான் விற்ற பொருளே இன்றைய விற்பனைக்குப் போட்டியாக நிற்கிறது என்பதுதான் அந்தச் சிக்கல். சந்தையில் ஆதிக்கம் உள்ள நிறுவனங்களுக்குத் தம் பொருளின் ஆயுளைக் குறைத்துவைக்கும் தூண்டுதல் இதனால் உண்டாகிறது என்பதை ஜெரமி புலோ 1986-இல் விரிவாக நிறுவினார். எந்த நிறுவனமும் கெட்ட எண்ணத்துடன் செயல்படுகிறது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. ஆயுளைக் கூட்டும் ஒரு வசதியை நீக்குவது, லாபக் கணக்குக்கும் பொருந்திவந்தால் அந்த வசதி திரும்பி வருவது கடினம் என்பதே செய்தி.

இந்தச் சூழலில்தான் நினைவகத் தட்டுப்பாடு வந்து சேர்ந்தது. உலகின் கணினி நினைவக உற்பத்தியில் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்களின் கையில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களுக்குத் தேவையான உயர்வேக நினைவகத்தில் லாபம் அதிகம். அதே கொள்ளளவுக்கு அது சாதாரண நினைவகத்தைவிடக் கூடுதல் சிலிக்கான் தகட்டை விழுங்குகிறது. ஆலைகள் அந்தப் பக்கம் திரும்பியதால் 2025-இன் பிற்பகுதியில் சாதாரண நினைவகத்தின் விலை கடுமையாக ஏறியது. பொதுமக்களுக்கு நினைவகம் விற்றுவந்த குரூஷியல் வணிகத்திலிருந்து விலகுவதாக மைக்ரான் அந்த ஆண்டு டிசம்பரில் அறிவித்தது. புதிய ஆலை எழுப்பி உற்பத்தி தொடங்கச் சில ஆண்டுகள் ஆகும் என்பதால், விலை ஏறினாலும் அளிப்பு உடனே பெருகாது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட் ‘கோபைலட் பிளஸ்’ என்ற வகையை அறிவித்தபோது, குறைந்தது 16 ஜிபி நினைவகமும், விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்கீடுகள் செய்யும் தனிப் பகுதியும் வேண்டும் என்று வரையறுத்தது. செயற்கை நுண்ணறிவின் பெயரால் வீட்டுக் கணினிக்குக் கூடுதல் நினைவகம் தேவை என்கிறார்கள். அதே செயற்கை நுண்ணறிவின் தரவு மையங்கள் அந்த நினைவகத்தைக் கிடைப்பதற்கு அரிதாக்குகின்றன. நம்மில் பெரும்பாலோர் பயன்படுத்தும் உரையாடல் செயலிகளோ தொலைதூரத் தரவு மையங்களில்தான் இயங்குகின்றன. அவற்றைப் பயன்படுத்தும் நேரத்தில் நாம் பணம் கொடுத்து வாங்கிய அந்தத் தனிப் பகுதிக்கு வேலையே இல்லை.

வன்பொருளின் ஆயுளை மென்பொருளும் தீர்மானிக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. பதிவுசெய்துகொண்டவர்களுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் மட்டும் ஓராண்டு நீட்டிக்கப்பட்டன. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதியும், அனுமதிக்கப்பட்ட பட்டியலில் உள்ள செயலகமும் வேண்டும். 2017-க்கு முந்தைய கணினிகள் பெரும்பாலும் அதற்குத் தகுதி பெறுவதில்லை. நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளும் இதனால் ‘பழையவை’ ஆகிவிட்டன. லினக்ஸுக்கு மாறினால் அவற்றில் பல இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். ஆனால், அந்த வழியை எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ரூ.50,000 மடிக்கணினி நான்கு ஆண்டுகள் உழைத்தால் ஆண்டுச் செலவு ரூ.12,500. இடையில் ரூ.6,000 செலவிட்டு நினைவகத்தைக் கூட்டி அதை ஏழு ஆண்டுகள் ஓட்ட முடிந்தால் ஆண்டுச் செலவு ரூ.8,000 மட்டுமே. இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்தான். எனினும், சென்னை ரிச்சி தெருவின் கடைகளும், நம் ஊர்களின் கணினிப் பழுதுபார்ப்பு நிலையங்களும் இந்தத் தர்க்கத்தின் மீதுதான் பிழைத்துவருகின்றன. புதுக் கணினி வாங்க இயலாத மாணவருக்குக் கைமாறிவரும் பழைய கணினி, யாரோ ஒருவர் நினைவகத்தைக் கூட்டிப் புதுப்பித்ததாகத்தான் இருக்கும். ஸ்லாட் மறைந்தால் அந்தச் சந்தையும் சுருங்கும்.

தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் முக்கியத்துவம் உடையது. 2011-இல் மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய மாநிலம் இது. இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்கப்படும் என்று 2025-26 நிதிநிலை அறிக்கை அறிவித்து, அதற்கு ரூ.2,000 கோடி ஒதுக்கியது. இவ்வளவு பெரிய கொள்முதலாளர் வைக்கும் நிபந்தனையை எந்த உற்பத்தியாளரும் புறந்தள்ள முடியாது. நினைவகமும் சேமிப்பகமும் கழற்றி மாட்டக்கூடியவையாக இருக்க வேண்டும், ஒரு ஸ்லாட்டாவது காலியாக இருக்க வேண்டும், பேட்டரியும் விசைப்பலகையும் ஐந்து ஆண்டுகளுக்கு உதிரியாகக் கிடைக்க வேண்டும். அரசின் கொள்முதல்கள் அனைத்திலும் இந்த நிபந்தனைகள் இடம்பெறுவது நல்லது. கல்லூரியில் பெற்ற கணினி, படிப்பு முடிந்து வேலை தேடும் காலத்திலும் அந்த மாணவருக்குக் கைகொடுக்க வேண்டும் அல்லவா?

தனிநபர் நுகர்வோருக்குத் தேவை தகவல். பிரான்சில் 2021 ஜனவரி முதல் மடிக்கணினி உள்ளிட்ட சில பொருள்கள் பத்துக்கு எத்தனை என்ற பழுதுபார்ப்பு மதிப்பெண்ணுடன்தான் விற்பனைக்கு வருகின்றன. இந்தியாவிலும் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கான இணையதளத்தைத் தொடங்கியது. பழுதுபார்ப்புக் குறியீட்டை வகுக்க அமைக்கப்பட்ட குழுவும் 2025-இல் அறிக்கை அளித்தது. ஆனால், அது கைப்பேசிக்கும் கைக்கணினிக்குமே முன்னுரிமை தந்திருக்கிறது. ஒரு நடுத்தரக் குடும்பம் கடன் வாங்கியேனும் வாங்கும் மடிக்கணினி ஏன் காத்திருக்க வேண்டும்? குளிர்பதனப் பெட்டியில் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்து வாங்கப் பழகிய மக்கள், இந்த மதிப்பெண்ணையும் எளிதில் புரிந்துகொள்வார்கள்.

அது வரும்வரை, கடையில் விற்பனையாளரிடம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: “இதில் ரேமைப் பிறகு கூட்ட முடியுமா?” நேரான பதில் வராவிட்டால் அடுத்த மாதிரியைக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி அடிக்கடி எழும் சந்தையில், காலி ஸ்லாட் உள்ள கணினிகளை விற்பது நிறுவனங்களுக்கும் லாபமாக மாறும்.