கறுப்புத் தோலில் சிவப்பைத் தேடுவது

சொரியாசிஸ் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை டாக்டர்கள் பெரும்பாலும் கண்ணால் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். 1978-ல் வந்த பி.ஏ.எஸ்.ஐ. முறையில் சிவப்பு, தடிப்பு, செதில் மூன்றுக்கும் 0 முதல் 4 வரை மார்க். பரப்பளவையும் சேர்த்தால் உச்சம் 72.

யானைக்கவுனியில் வெயிலில் மூட்டை தூக்கிக் கறுத்த முதுகில் சிவப்பு எங்கே தெரியும்? ஊதாவாகவோ பழுப்பாகவோதான் தெரியும். மார்க் குறையும் (அரிப்பு குறையாது!). மாத்திரையே போதுமா, விலை அதிகமான ஊசிக்கு மாறவேண்டுமா என்பதில் அந்த மார்க்குக்கும் பங்கு உண்டு.

அல்ட்ராசவுண்டுக்கு நிறபேதம் கிடையாது. வயிற்றை ஸ்கேன் செய்கிற கருவி போதாது, 20 மெகாஹெர்ட்ஸ் அளவில் வேண்டும். தோலின் தடிப்பை மில்லிமீட்டரில் அளக்கலாம். டாப்ளரில் ரத்த ஓட்டமும் தெரியும். மருந்து கேட்டால் இரண்டும் குறையும். ஆறிய இடத்தில் தங்கும் கருமையை நோய் என்று நினைத்து ஏமாறவும் வேண்டாம். ஸ்டான்லி மாதிரி அரசு ஆஸ்பத்திரிகளின் தோல் பிரிவில்தான் இதை முதலில் வழக்கமாக்க வேண்டும்.