'மே' படுத்திய பாடு!

ஆங்கிலத்திலே 'மே' என்றொரு துணைவினை உண்டு. மூன்றே எழுத்து. பள்ளிப் பிள்ளைகள் வகுப்பு வாசலில் நின்று, 'மே ஐ கமின், சார்?' என்று கேட்கிறார்களே, அந்தச் சொல்தான். இந்தச் சின்னஞ்சிறு சொல்லா நாடாளுமன்றத்தை ஆட்டிவைத்தது என்று இன்றைய இளைஞர்கள் வியக்கக்கூடும். ஆம், ஆட்டிவைத்தது!

பொருளைப் பார்ப்போம். 'நீ போகலாம்' என்றால் அனுமதி. 'இன்று மழை பெய்யலாம்' என்றால் ஐயப்பாடு. 'நீடு வாழ்க!' என்றால் வாழ்த்து. ஆங்கிலத்தில் இம்மூன்றுக்கும் 'மே' வரும். தமிழில் முதலிரண்டுக்கும் 'லாம்', மூன்றாவதற்கு வியங்கோள். மூன்றிலும் இல்லாத ஒன்று உண்டு. அதுதான் கட்டாயம்! அதைச் சொல்ல ஆங்கிலச் சட்டமொழியில் 'ஷல்' இருக்கிறது. நம்மிடம் 'வேண்டும்' இருக்கிறது.

அரசியல் சட்டத்தை எழுதியோர் இவ்வேறுபாட்டை அறியாதவர்களல்லர். 343ஆவது பிரிவிலேயே இரு சொற்களும் இருக்கின்றன. இந்தி ஆட்சிமொழி என்பதற்கு 'ஷல்'. 15 ஆண்டுக் காலம் ஆங்கிலம் தொடரும் என்பதற்கும் 'ஷல்'. அதற்குப் பின்னும் ஆங்கிலம் தொடர நாடாளுமன்றம் வழிசெய்வதற்கு மட்டும் 'மே'!

அந்த 15 ஆண்டு 1965 சனவரி 26இல் முடிய இருந்தது. 1963 மே 10இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. மே மாதத்திலே வந்த சட்டத்திலே 'மே' வந்து குந்திக்கொண்டது! இந்தியோடு ஆங்கிலமும் தொடர்ந்து பயன்படுத்தப்பட'லாம்' என்றது அதன் 3ஆவது பிரிவு. 'ஷல்' என்று எழுதுக என்றனர் தி.மு.கழகத்தினர். இங்கே இரண்டும் ஒன்றுதான் என்றார் பண்டித நேரு.

ஒன்றுதான் என்றால், கேட்ட சொல்லைப் போடுவதிலே என்ன தடை? போட மறுத்ததே இரண்டும் ஒன்றல்ல என்பதற்குச் சான்றாகாதா? 'மே' என்பதைக் கட்டாயம் என்றே நீதிமன்றங்கள் பொருள்கொண்டதுண்டு என்று சட்டம் படித்தோர் சொல்வர். உண்மை, நாம் மறுக்கவில்லை. ஆனால், அது இடம்நோக்கி, வழக்குநோக்கிச் செய்யப்படும் முடிவு. கோடிக்கணக்கானோரின் மொழியுரிமையை வழக்கறிஞரின் வாதத்திறமைக்கா விட்டுவைப்பது?

நேருவின் நெஞ்சத்தை நாம் ஐயுறவில்லை. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் இருக்கும் என்று 1959 ஆகஸ்டு 7இல் அவையிலே உறுதியளித்தவர் அவர். ஆனால், உறுதிமொழி சொன்னவரின் ஆயுளோடு சேர்ந்தது. சட்டம் அவருக்குப் பின்னும் வாழ்வது. 1964 மே 27இல் அவர் மறைந்தார். ஏட்டிலே மிஞ்சியது 'லாம்'!

1965இல் தமிழகம் கொந்தளித்தது. உயிர்கள் பலியாயின. மத்திய அமைச்சர்கள் சி.சுப்பிரமணியமும் ஓ.வி.அளகேசனும் பதவிவிலகல் கடிதம் கொடுத்தனர். பிப்ரவரி 11இல் பிரதமர் சாஸ்திரி வானொலியிலே உறுதிகூறினார். ஆயினும், 1967இல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தில்தான் அது சட்டவடிவம் பெற்றது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்துக்கும் மத்திய அரசுக்கும் இடையே எழுத்துப்போக்குவரத்து ஆங்கிலத்தில் நடைபெற 'வேண்டும்' என்றாயிற்று. அத்தகைய மாநிலச் சட்டமன்றங்கள் அனைத்தும், பின்னர் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும், தீர்மானம் நிறைவேற்றும்வரை இந்த ஏற்பாடு நீடிக்கும் என்றாயிற்று.

ஒன்றை மறவாதீர். 3ஆவது பிரிவின் முதல் வரியிலே அந்த 'மே' இன்றும் அப்படியே இருக்கிறது! அதன் பல்லைப் பிடுங்கியிருப்பது அதே பிரிவின் 5ஆவது உட்பிரிவு. அதன்மீது யாரேனும் கைவைக்க வந்தால், அன்றைக்கு அந்தப் பழைய 'லாம்' மீண்டும் வாய்திறக்கும்.

ஆகவே, இலக்கணம் பள்ளிக்கூடத்தோடு முடிந்தது என்று இருந்துவிடாதீர். ஆளவந்தார் எந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து நீட்டினாலும், அதிலுள்ள அழகான பெயர்ச்சொற்களைக் கண்டு மயங்காமல் வினைச்சொல்லைத் தேடுவீர். தரப்படும் என்கிறதா, தரப்படலாம் என்கிறதா என்று பார்ப்பீர். 'லாம்' என்றால், தராமலும் இருக்கலாம்!